சிலேட்டில் விழாத பெயர்: சூரியகாந்தி நட்சத்திர மீனும் தன்னார்வச் சுழியோடிகளும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தில் முக்குளித்தவர்களுக்கு 2013 வரை சூரியகாந்தி நட்சத்திர மீன் ஓர் அதிசயமே அல்ல. இறங்கிய இடமெல்லாம் கிடக்கும். வளர்ந்த ஒன்று ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூட விரியும். கைகள் பதினாறில் தொடங்கி இருபத்து நான்கு வரை இருக்கும். நட்சத்திர மீன் என்றால் பாறையோடு பாறையாக அசையாமல் ஒட்டிக் கிடப்பது என்று நினைப்பவர்கள் இது வேட்டைக்குப் புறப்படுவதைப் பார்த்தால் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்வார்கள். அடிப்புறத்தில் உள்ள ஆயிரக்கணக்கான குழாய்க் கால்களால் நிமிடத்துக்கு ஒரு மீட்டர் வரை அது நகரும். அதன் இரையான, உடலெங்கும் முள் நிறைந்த கடல் முள்ளெலிகளுக்கு அதன் வாடை பட்டாலே போதும், விலகத் தொடங்கிவிடும்.

இந்த விலங்கு சில ஆண்டுகளுக்குள் தன் வாழிடத்தின் பெரும்பகுதியிலிருந்து மறைந்துபோனது. எவ்வளவு மறைந்தது, எங்கெங்கே, எந்த ஆண்டில் என்று உலகத்தால் சொல்ல முடிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஊதியம் எதுவும் வாங்காமல் ஓய்வு நாளில் கடலில் இறங்கி, சிலேட்டில் பென்சிலால் குறித்துவந்த ஸ்கூபா சுழியோடிகள். கடல் பாதுகாப்பு ஆராய்ச்சிக்குத் தன்னார்வலராகப் போக நினைப்பவர்கள் எல்லோரும் இந்த நிகழ்வைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஏனென்றால், இதில் பயன்பட்ட குறிப்புகளில் பெரும்பாலானவை எழுதப்பட்ட அன்று யாருக்கும் முக்கியமாகத் தோன்றியிருக்காது.

கணக்கெடுத்த முறை

அமெரிக்காவில் 1990ல் தொடங்கிய ரீஃப் என்ற அமைப்பு, 1993ல் தன்னார்வ மீன் கணக்கெடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. பறவை ஆர்வலர்கள் பல தலைமுறைகளாகச் செய்துவரும் வேலையை நீருக்கடியில் செய்ய முடியுமா என்பதுதான் அதன் அடிப்படை. குளிர்ந்த பசிபிக் கரைக்கு அத்திட்டம் விரிந்தபோது மீன்களோடு குறிப்பிட்ட சில முதுகெலும்பில்லா உயிரினங்களும் பட்டியலில் சேர்ந்தன. அவற்றில் ஒன்றாக இந்த நட்சத்திர மீனும் இருந்தது. படிவத்தில் கூடுதலாக ஒரு வரி, அவ்வளவே. அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் பின்னால் நான் சொல்லப்போகும் ஆய்வுகளில் பாதி இல்லை.

முறை மிக எளியது. அளவு நாடா விரிப்பதில்லை, சதுரச் சட்டகம் வைத்து எண்ணுவதும் இல்லை. சுழியோடி ஓர் இடத்தில் தன் போக்கில் நீந்துகிறார். ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் தெரிந்த ஒவ்வோர் இனத்தையும் எழுதுகிறார். ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகளில் ஒன்றைத் தருகிறார்: ஒன்றே ஒன்று, 2 முதல் 10 வரை என்றால் சில, 11 முதல் 100 வரை என்றால் பல, 100ஐத் தாண்டினால் ஏராளம். கூடவே இடம், நேரம், ஆழம், நீரின் வெப்பநிலை, எவ்வளவு தூரம் பார்வை தெரிந்தது என்ற விவரங்கள். உடன் இறங்கியவரின் சிலேட்டைப் பார்த்து எழுதக் கூடாது. இருவர் இறங்கினால் இரண்டு தனிக் கணக்கெடுப்புகள்.

இதிலிருந்து இரண்டு எண்கள் கிடைக்கின்றன. மொத்தக் கணக்கெடுப்புகளில் எத்தனை விழுக்காட்டில் அந்த இனம் கண்ணில் பட்டது என்பது முதலாவது. கண்ணில் பட்டபோது சராசரியாக எந்தப் படியில் இருந்தது என்பது இரண்டாவது. ஒருவர் ஒன்று என்றும், அடுத்தவர் சில என்றும், மூன்றாமவர் பல என்றும் குறித்தால், 1, 2, 3 என்று மதிப்பிட்டுச் சராசரி 2.

பார்த்ததை மட்டுமே எழுதும் இந்த முறையில், பார்க்காததும் பதிவாகிறது. தெரிந்த எல்லா இனங்களையும் எழுதுவது விதி என்பதால், பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் அன்று அங்கே அது தென்படவில்லை என்று பொருள். விருப்பப்பட்டதை மட்டும் படமெடுத்துப் பகிர்பவரின் பதிவில் இந்தப் பொருள் கிடையாது. அவர் நட்சத்திர மீனைப் படமெடுக்கவில்லை என்றால் அது அங்கே இல்லையா, அவருக்கு அதில் ஆர்வம் இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கெடுப்புக்கும் பார்வைக் குறிப்புக்கும் உள்ள வேறுபாடு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

2013

அந்த ஆண்டின் கோடையில் வாஷிங்டன் மாநிலக் கரையில், அலை வடியும் பாறைப் பகுதிகளில் நட்சத்திர மீன்கள் நோயுற்றுக் கிடப்பது கவனிக்கப்பட்டது. இலையுதிர் காலம் நெருங்கும்போது கனடாவில் வான்கூவருக்கு அருகே ஹவ் சவுண்ட் பகுதியில் இறங்கிய சுழியோடிகள் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் கூட்டங்கூட்டமாகச் சாவதைக் கண்டார்கள். முதலில் தோலில் வெள்ளையாகப் புண். பிறகு கைகள் முறுக்கிக்கொள்ளும், உடல் காற்றுப் போனது போலத் தளரும், கைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். சில நாட்களில் அந்த இடத்தில் வெண்மையான கூழ் மட்டும் மிஞ்சும். மெக்சிகோ முதல் அலாஸ்கா வரை இருபதுக்கும் மேற்பட்ட நட்சத்திர மீன் இனங்களை இந்த நோய் தாக்கியது. மோசமாக அடிபட்டவற்றில் ஒன்று சூரியகாந்தி நட்சத்திர மீன்.

கரையோரப் பாறைகளில் வாழும் இனங்களுக்கு என்ன ஆனது என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்தது. அலை வடியும்போது நடந்தே போய்ப் பார்க்கலாம். நீருக்கடியில் வாழ்பவற்றின் நிலை அப்படியல்ல. ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஆண்டுக்குச் சில நாட்கள், சில இடங்களில்தான் இறங்க முடியும். நோய் வந்த பிறகு நிதி தேடி, ஆள் திரட்டி, இறங்கி எண்ணினால் 'இப்போது இவ்வளவு' என்று தெரியும். முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு விடை கிடைக்காது. கடந்த காலத்துக்குப் போய் எண்ண எந்த நிதியாலும் முடியாது.

அந்தக் கடந்த காலம் ரீஃப் அமைப்பின் தரவுத்தளத்தில் இருந்தது.

எண்கள் சொன்னது

2016ல் பிளோஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவும் கனடாவும் பகிர்ந்துகொள்ளும் சேலிஷ் கடலை எடுத்துக்கொண்டது. 2006 முதல் 2015 வரை பயிற்சி பெற்ற தன்னார்வச் சுழியோடிகள் தந்த கணக்கெடுப்புகள் ஒரு பக்கம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சான் ஹுவான் தீவுகளில் ஆய்வாளர்களே இறங்கி, அளந்த பட்டைகளில் எண்ணியவை இன்னொரு பக்கம். சூரியகாந்தி நட்சத்திர மீன் கடுமையாகக் குறைந்துவிட்டது என்பது உறுதியானது. அடுத்து அழிவின் விளிம்புக்குப் போகும் இனம் இதுவோ என்ற கவலையையும் அந்த ஆய்வு எழுப்பியது.

2019 ஜனவரியில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ட்ரூ ஹார்வெல் தலைமையில் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த ஆய்வு, கலிபோர்னியா தொடங்கி அலாஸ்கா வரை நீண்டது. 2006 முதல் 2017 வரை ஆழம் குறைந்த கரையோர நீரில் நடந்த 10,956 சுழியோடிக் கணக்கெடுப்புகள் அதில் இடம்பெற்றன. சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, 80 முதல் 100 விழுக்காடு வரை வீழ்ச்சி. கரையோரத்தில் வீழ்ச்சி உச்சத்தில் இருந்த காலமும் கடல் மேற்பரப்பு வழக்கத்தை மீறிச் சூடான காலமும் ஒன்றோடொன்று பொருந்தின.

சுழியோடிகளின் தரவு மட்டும் இருந்திருந்தால் ஒரு கேள்வி அப்படியே நின்றிருக்கும். மேலே நீர் சூடானதால் அவை குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிப் பிழைத்திருக்கலாமே? ஸ்கூபா தொட்டியோடு அங்கே போய்ப் பார்க்க இயலாது. அதற்கு விடை தந்தது இழுவலை ஆய்வு. கலிபோர்னியா முதல் வாஷிங்டன் வரை, 55 முதல் 1,280 மீட்டர் ஆழத்தில் 2004க்கும் 2016க்கும் இடையே இழுக்கப்பட்ட 8,968 வலைகளின் பதிவுகளிலும் அதே வீழ்ச்சி தெரிந்தது. ஆழம் அவற்றுக்குப் புகலிடமாக இருக்கவில்லை. தன்னார்வலர்களின் எண்களும் ஆய்வுக் கப்பல்களின் எண்களும் சேர்ந்த இந்த இடம்தான் என் பார்வையில் ஆய்வின் உயிர்நாடி. எந்த ஒன்றும் தனியாக இந்த முடிவைத் தந்திருக்காது.

இந்தத் தரவை எவ்வளவு நம்பலாம்

நான்கே படிகள் கொண்ட அளவுகோல் மிகப் பரும்படியானது. 90 இருந்த இடத்தில் 12 மட்டுமே மிஞ்சினாலும் படிவத்தில் 'பல' என்றுதான் இருக்கும். மெல்ல மெல்லத் தேயும் ஓர் இனத்தை இந்த முறை தாமதமாகவே காட்டும். ஆனால் இங்கே நடந்தது தேய்வு அல்ல, சரிவு. 'பல' 'ஒன்று' ஆகி, பெயரே பட்டியலிலிருந்து போனது. அத்தகைய மாற்றத்துக்கு நுட்பமான தராசு வேண்டியதில்லை. ஒரே வகைத் தராசு, ஒரே பகுதிகளில், நீண்ட காலம் இருந்தால் போதும்.

அடையாளப் பிழையும் இங்கே பெரிதாகக் குறுக்கிடவில்லை. பாறை மீன்களில் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும் இனங்களைப் பிரிக்கப் பழகியவர்களே தடுமாறுவார்கள். ஒரு மீட்டர் அகலத்தில் இருபது கைகளோடு கிடப்பதை வேறெதுவாகவும் நினைக்க முடியாது. எனவே இந்த வெற்றியை வைத்து 'தன்னார்வலர் தரவு எப்போதும் சரி' என்று சொல்ல மாட்டேன். நிறம் மாறும், மறைந்து வாழும், விரல்நுனி அளவுள்ள உயிரினங்களுக்கு இதே நம்பிக்கையைத் தர இயலாது. அதனால்தான் ரீஃப் தன் சுழியோடிகளை அனுபவத்தையும் தேர்வையும் வைத்து ஐந்து நிலைகளாகப் பிரித்து, தொடக்கநிலையினர் தந்ததையும் தேர்ந்தவர்கள் தந்ததையும் தனித்தனியே பார்க்க வசதி வைத்திருக்கிறது.

இடத் தேர்வு இன்னொரு குறை. தன்னார்வலர்கள் வண்டி நிறுத்த வசதியுள்ள கரைக்கும், பார்வை தெளிவான நாளுக்கும், அழகான பாறைக்கும் போகிறார்கள். யாரும் போகாத சேற்றுத் தரை வெறுமையாகவே நிற்கிறது. நோய்ச் செய்தி பரவிய பிறகு அந்த விலங்கையே தேடிப் போகும் ஆர்வமும் வந்துவிடும். தேடிப் போனால் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கண்ணில் படும். அப்படி இருந்தும் எண்கள் சரிந்தன என்றால், உண்மை நிலை தரவு காட்டியதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்றே நான் வாசிக்கிறேன்.

நீருக்கடியில் எண்ணுவது

கணக்கெடுப்புச் சுழியோடியாக நான் கற்றதையும் இங்கே சொல்ல வேண்டும். படிவத்தைப் பார்த்தால் எளிதாகத் தோன்றும் வேலை, நீருக்குள் வேறு முகம் காட்டும்.

முதல் கணக்கெடுப்பில் என் கவனம் முழுவதும் சிலேட்டின் மேல் இருந்தது. குனிந்து எழுதி முடித்து நிமிர்ந்தபோது இரண்டு மீட்டர் மேலே மிதந்துகொண்டிருந்தேன். மீண்டும் இறங்கும்போது துடுப்பு தரையில் பட்டு வண்டல் கிளம்பியது. நான் எண்ண வேண்டிய பாறையை நானே மறைத்துவிட்டேன். அன்று என் பட்டியலில் இருந்த பாதிப் பெயர்களை நீக்கச் சொன்னார் பயிற்சி தந்தவர். "உறுதியாத் தெரியுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரியாது என்று ஒப்புக்கொண்டவை போயின. மனம் வலித்தது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. தவறாக எழுதிய ஒரு பெயர், எழுதாமல் விட்ட பத்துப் பெயர்களைவிட அதிகக் கேடு செய்யும்.

மூச்சிலும் கவனம் வேண்டும். எண்ணும் வேலையில் மூழ்கியவருக்குக் காற்று வேகமாகத் தீரும், அழுத்தமானியைப் பார்க்கும் வழக்கமும் தளரும். முப்பது மீட்டரை நெருங்கினால், அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் தரும் போதை போன்ற மயக்கம் கணக்குப் போடும் திறனையே மங்கச் செய்துவிடும். அங்கே எழுதிய எண்ணை மேலே வந்து பார்த்தால் நமக்கே நம்பிக்கை வராது. குளிர்நீரில் விரல் விறைத்து எழுத்து கோணும். ஒதுக்கி வைத்த காற்றின் அளவைத் தொட்டதும் கணக்கெடுப்பு முடிந்துவிட வேண்டும், பட்டியல் எந்த நிலையில் இருந்தாலும் சரி. எத்தனை நிமிடம் பார்த்தோம் என்பதும் பதிவாவதால், சுருக்கமான டைவும் பயனுள்ள டைவ்தான். இதைப் புதிதாக வருபவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒரு எண்ணுக்காக யாரும் ஆபத்தில் போய் நிற்கக் கூடாது.

ஆகவே முதலில் மிதப்பைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். இரு கைகளும் சிலேட்டில் இருக்கும்போது தரையைத் தொடாமல் ஒரே உயரத்தில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு இனங்களின் பெயர்கள். ஐந்நூறு பெயர்களை ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கடலில் அதிகம் தென்படும் இருபதைச் சந்தேகமில்லாமல் அறிந்துகொள்ளுங்கள். அபூர்வமானதைத் தேடிப் போகும் ஆசை எல்லோருக்கும் உண்டு. இந்த நிகழ்வில் ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டதோ, 2006லும் 2009லும் எங்கும் கிடந்த ஒரு சாதாரண விலங்கைச் சலிக்காமல் குறித்தவர்களின் படிவம்.

தன்னார்வத் திட்டம் என்ற பெயரில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் எண்ணச் சொல்லி அனுப்பிவிடும் ஏற்பாடுகளும் உலகில் உண்டு. எண்ணிய தாள்கள் எங்கே போகின்றன என்று கேட்டால் பதில் வராது. பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: இதே இடத்தை எத்தனை ஆண்டுகளாக எண்ணுகிறீர்கள்? எந்த முறையில்? அந்தத் தரவை யார் எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்? நல்ல திட்டத்தில் இருப்பவர்கள் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்கள்.

பிறகு நடந்தவை

வேட்டையாடி போனதும் இரை பெருகியது. வடக்குக் கலிபோர்னியாவில் கடல் வெப்ப அலையும், நட்சத்திர மீன்களின் மறைவும், பாசியை மேயும் ஊதா முள்ளெலிகளின் பெருக்கமும் ஒன்றுசேர்ந்து 350 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கரையில் கெல்ப் எனும் நெடும்பாசிக் காட்டின் 90 விழுக்காட்டுக்கு மேல் அழித்தன. பாசியை உண்டு வாழும் சிவப்பு அபலோன் நத்தைகள் பட்டினியில் வாடின. 2018ல் அங்கே பொழுதுபோக்கு அபலோன் பிடிப்பு மூடப்பட்டது.

2020ல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் சூரியகாந்தி நட்சத்திர மீனை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. அதற்கான மதிப்பீட்டில் 31 தரவுத் தொகுப்புகளிலிருந்து 61,000க்கும் மேற்பட்ட கணக்கெடுப்புகள் சேர்க்கப்பட்டன. உலக அளவில் 90 விழுக்காட்டுக்கு மேல் வீழ்ச்சி, இறந்தவை 500 கோடிக்கும் மேல் என்று அந்த மதிப்பீடு கூறியது.

நோய்க்குக் காரணம் என்ன என்பது வெகுகாலம் பிடிபடவில்லை. 2014ல் ஒரு வைரஸ் மீது சந்தேகம் விழுந்து, பின்னர் அது நிலைக்காமல் போனது. 2025 ஆகஸ்டில் மெலனி பிரென்டிஸ் முதலிய ஆய்வாளர்கள் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியாவின் ஒரு வகையே காரணம் என்று காட்டினார்கள். நோயுற்றவற்றின் திசுக்களோடு நிற்காமல் உடற்குழித் திரவத்தில் தேடியது அவர்களுக்குக் கைகொடுத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பர் கடல் ஆய்வகத்தில் இந்த இனத்தைத் தொட்டிகளில் வளர்க்கும் முயற்சி 2019ல் இருந்து நடக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், மலைகளுக்கிடையே நீளும் ஃபியோர்டு எனும் குளிர்ந்த கடல் நுழைவுகள் சிலவற்றில் வளர்ந்தவை இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இதனால் கேட்க வேண்டிய கேள்வியும் மாறிவிட்டது. இருக்கிறதா, இல்லையா என்பதற்கு அந்த நான்கு படிகள் போதும். திரும்பி வருகிறதா என்று கேட்டால் போதாது. உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சும், முட்டையிடத் தகுந்த ஒரு மீட்டர் விலங்கும் படிவத்தில் ஒரே மாதிரி 'ஒன்று' என்றுதான் விழும். சிறியவை மட்டும் ஆண்டுதோறும் தோன்றி, வளருமுன் மடிந்தால் அதை இந்த எண்ணால் பிரித்துக் காட்ட முடியாது. எனவே அந்தக் கரையில் இறங்குபவர் ஒன்றைக் கண்டால் சிலேட்டையோ கையுறையையோ அருகே வைத்து, தொடாமல் ஒரு படம் எடுங்கள். கைநுனியிலிருந்து கைநுனி வரை சுமார் எத்தனை சென்டிமீட்டர், தோலில் புண் உண்டா, கைகள் முறுக்கியிருக்கின்றனவா என்று ஓரத்தில் குறியுங்கள். எதுவும் தென்படாவிட்டால் மற்ற இனங்களை விடாமல் எழுதி, அந்தப் படிவத்தையும் அனுப்பிவையுங்கள்.